என் ரெஜிஸ்டரில் இல்லாத கொடி

அந்தப் பேப்பரைக் கொஞ்சம் மடிச்சு வெச்சுக்கறீங்களா தம்பி? கோவிச்சுக்காதீங்க. நீங்க படிக்கறதைத் தடுக்கணும்னு இல்ல. அந்த மூணாம் பக்கத்துப் படம் நேரா என் மூஞ்சிக்கு எதிர்க்க வருது. பஸ் குலுங்கறப்பல்லாம் படத்துல இருக்கற கொடியும் குலுங்குது. வேலூர்ல ஏறினதுலேர்ந்து அதையேதான் பாத்துக்கிட்டு வரேன்.

கொடிக்குப் பக்கத்துல தொளதொளன்னு வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு நிக்கறார் பாருங்க, கர்னல் கூட அவர் தோள்ல கை போட்டிருக்காரு. அவர் பேரு முனிரத்தினம். கீழ போட்டிருக்கும். "இருபத்து நான்கு ஆண்டுகள் ரகசியம் காத்த காவலர்." படிச்சீங்களா? நான் விடியக்காலையிலேர்ந்து பதினோரு தரம் படிச்சிட்டேன். என் பேரு எங்கயாவது இருக்கான்னு பாக்கத்தான். இல்ல. இருந்தா பயந்திருப்பேன், இல்லாததுக்கும் பயமாத்தான் இருக்கு.

நான் எங்க போறேன்னா கேட்டீங்க? அங்கதான். மூங்கில்மலை மிலிட்டரி ஸ்கூல். இன்னைக்குப் பதினோரு மணிக்கு விழா. அந்தக் கொடியை மறுபடி கண்ணாடிப் பெட்டியில வெக்கறாங்க. நான் மேடை ஏறி சாட்சி சொல்லணும். மிலிட்டரி கேட் வரைக்கும் டிக்கெட் எடுத்தாச்சு. நீங்க எங்க இறங்கறீங்க? திருப்பத்தூரா. நல்லதாப் போச்சு. இறங்கினப்புறம் நாம ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கப் போறதில்ல. அப்ப உங்ககிட்ட சொல்லலாம்.

என் பேரு சம்மந்தம். அந்த ஸ்கூல்ல முப்பது வருஷம் ஸ்டோர் கீப்பர். பட்டாளத்துக்காரன் இல்ல, சிவிலியன். பசங்களுக்குப் பூட்ஸ், பெல்ட், கம்பளி, பரேடுக்கு வெள்ளைக் கையுறை, துப்பாக்கி துடைக்கற வேஸ்ட் துணி வரைக்கும் எல்லாம் என் கையாலதான் போகும், என் கைக்குத்தான் வரும். ஒரு ஊசி போனாலும் கையெழுத்து. மிலிட்டரி ஸ்டோர்ல ஒரு சட்டம் இருக்கு தம்பி. கையெழுத்து விழாத வரைக்கும் அந்தப் பொருள் உங்ககிட்ட இல்ல. கண்ணு முன்னாடி மேசைமேல கிடந்தாலும் இல்ல. இதை மனசுல வெச்சுக்கங்க. நான் பொய் சொன்னவன்னு நீங்க நினைச்சிடக் கூடாது.

அந்தக் கந்தலுக்கு ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம்னு கேக்கறீங்களா? வருஷா வருஷம் ஸ்கூல் ஆரம்பிச்ச நாளுக்கு பிரின்சிபால் அந்தக் கதையைச் சொல்லுவாரு. எனக்கு மனப்பாடம். மொத உலக யுத்தத்துல மெசபடோமியாவுல நம்ம பக்கத்துப் பசங்க ஒரு பட்டாளமா மாட்டிக்கிட்டாங்க. சுத்தி எதிரி. நாலு மாசம். குதிரையை அடிச்சுத் தின்னாங்களாம். கடைசியில சரணடையணும்னு ஆனதும் கொடியெல்லாம் எதிரி கையில சிக்கக் கூடாதுன்னு எரிக்கச் சொல்லிட்டாங்க. வரதய்யான்னு ஒரு சுபேதார், அவருக்கு மனசு வரல. கொடியை இடுப்பச் சுத்திக் கட்டிக்கிட்டாரு. ரெண்டு வருஷம் கைதி. பாலைவனத்துல நடை. சோதனை போட்டவன் காயத்துக்குக் கட்டின துணின்னு நினைச்சு விட்டுட்டானாம். வழியில ஒரு சின்ன சிப்பாய்க்குக் கால் வெடிச்சு நடக்க முடியல, கொடியில ஒரு மூலையைக் கிழிச்சு அவனுக்குக் கட்டினாரு. அதனாலதான் அந்த மூலை இல்ல. ஊருக்கு வந்து கர்னல்கிட்ட கொடியை ஒப்படைச்சிட்டு, "வாங்கிக்கிட்டேன்னு ஒரு கையெழுத்து போட்டுக் குடுங்க தொரை"ன்னு கேட்டாராம். பசங்கல்லாம் அந்த இடத்துல சிரிப்பாங்க. நான் மட்டும் சிரிச்சதில்ல. மனுஷன் விவரம் தெரிஞ்சவரு.

அந்தப் பட்டாளத்துக்காரங்க பிள்ளைங்களுக்காக ஆரம்பிச்சதுதான் இந்த ஸ்கூல். கொடி ஹால்ல கண்ணாடிப் பெட்டியில இருந்துச்சு. பெட்டியைத் தாண்டிப் போற எந்தப் பையனும் நின்னு சல்யூட் வெச்சுட்டுத்தான் போகணும். சோத்துக்கு ஓடினாலும் சரி, வெளிக்கு ஓடினாலும் சரி.

இருபத்தி நாலு வருஷத்துக்கு முன்னாடி ஒரு ஆர்டர் வந்துச்சு. கொடியை டெல்லியில ஒரு மியூசியத்துக்கு அனுப்புங்கன்னு. ஸ்கூலே எழவு வீடு மாதிரி ஆயிடுச்சு. இந்த முனிரத்தினம் ஹாலுக்குக் காவல். அப்பல்லாம் நான் அவன் இவன்னுதான் சொல்லுவேன், இப்போ பேப்பர்ல படம் போட்டுட்டாங்க, மரியாதை குடுக்கத்தான் வேணும். ஆனா வாயில வரல. அவன் கேன்டீன்ல எல்லார் காதுலயும் விழற மாதிரி சத்தம் போட்டான். "கொடி போனா அப்பறம் இன்னாத்துக்கு நான் இங்க நிக்கறேன்? செவுத்துக்கா காவலு?" அந்தப் பேச்சுதான் பின்னாடி அவனுக்கு எமனா வந்துச்சு. வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம்.

கொடியை அனுப்பற அன்னைக்கே ஜெனரல் இன்ஸ்பெக்ஷன். காலையில பரேடு, மத்தியானம் ரயில். எனக்குத் தலைக்கு மேல வேலை. நூத்தி அறுவது ஜோடி வெள்ளைக் கையுறை, அதுல ஏழு ஜோடி குறையுது. குனிஞ்சு எண்ணிக்கிட்டிருக்கேன். அப்ப முனிரத்தினம் வந்தான். வெள்ளைத் துணியில சுத்தின ஒரு மூட்டை. "சார், கொடி. தகரப் பொட்டியில வெச்சு அனுப்பணுமாம். கையெழுத்துப் போடுங்க சார்." எண்ணிக்கை விட்டுப் போயிடுமேன்னு நான் தலையைத் தூக்கல. "மேசைமேல வெச்சிட்டுப் போ, பரேடு முடிஞ்சதும் போடறேன்"னேன். வெச்சிட்டுப் போனான். அவ்வளவுதான்.

அரை மணி கூட ஆகல. பேண்ட் மாஸ்டர் பாஸ்டின் தலைதெறிக்க ஓடி வந்தாரு. பெரிய மோளத்துக்கு முதல் நாள்தான் புதுத் தோல் மாட்டியிருந்தாங்க. ஒரு அடி அடிச்சா வெண்கலக் குண்டானை மாடியிலேர்ந்து போட்ட மாதிரி அதிருது. "யோவ் சம்மந்தம், உள்ள எதாவது துணி அடைய்யா, ஜெனரல் வந்துட்டாரு"ன்னு கத்தறாரு. மோளத்துக்குள்ள துணி அடைச்சா சத்தம் அடங்கும், அது பேண்டுல எல்லாரும் பண்றதுதான். எங்க ஸ்டோர்ல வேஸ்ட் துணியைப் பழைய பெட்ஷீட்ல மூட்டை கட்டி வெச்சிருப்போம். வெள்ளை மூட்டை. மேசைமேல வெள்ளை மூட்டை இருக்கு. கை அதுமேலதான் போச்சு. ஒரு பக்கத்து வளையத்தைக் கழட்டி, மூட்டையை உள்ள திணிச்சு, மறுபடி மாட்டிக் கயித்தை நானே முறுக்கிக் குடுத்தேன். பாஸ்டின் மோளத்தைத் தூக்கிட்டு ஓடிட்டாரு.

மறுபடி கையுறை எண்ண உக்காந்தேன். அப்ப நிமிர்ந்து பாக்கறேன் தம்பி. வேஸ்ட் துணி மூட்டை ஆணியில அப்படியே தொங்குது. மேசை காலி. வெளிய மைதானத்துல மோளம் அடிக்கற சத்தம் கேக்குது. டம். டம். டம். ஜெனரலே திரும்பிப் பாஸ்டினைப் பார்த்து நல்லா இருக்குன்னு தலையாட்டினாராம். அந்தப் பயம் இருக்கே, அது அன்னைக்கு உள்ள போனதுதான், இன்னும் வெளிய வரல.

உடனே சொல்லியிருக்கலாம்னு பாக்கறீங்க. பார்வையிலயே தெரியுது. சொல்லியிருக்கலாம். பரேடு முடியட்டும், ரகசியமா எடுத்துடலாம்னு நினைச்சேன். முடியறதுக்குள்ள கொடியைக் காணோம்னு ஆயிடுச்சு. கேட்டெல்லாம் மூடிட்டாங்க. மிலிட்டரி போலீஸ் வந்துட்டான். பேண்ட் ரூம் வாசல்ல ஒருத்தன், ஸ்டோர் வாசல்ல ஒருத்தன். அந்த நேரத்துல போய் மோளத்தைக் கழட்டுவேனா? நாளைக்குப் பாத்துக்கலாம்னு விட்டேன். மறுநாள் விசாரணை. பழைய பிரின்சிபால் என்னைக் கூப்பிட்டாரு. முனிரத்தினம் பக்கத்துல நிக்கறான். "உங்ககிட்ட குடுத்ததா இவன் சொல்றான். வாங்கினீங்களா?"

"என் ரெஜிஸ்டர்ல இல்ல சார்"னேன்.

பொய்யா தம்பி? சொல்லுங்க. ரெஜிஸ்டர்ல இருந்துதா? இல்லையே. இல்லாததை இல்லன்னுதானே சொன்னேன்.

அவன் என் பக்கம் திரும்பினான். "சார், மேசைமேல வெச்சனே சார். கையுறை எண்ணிக்கினு இருந்தீங்களே சார்." நான் பிரின்சிபாலையே பாத்துக்கிட்டு நின்னேன். அவர் ரெஜிஸ்டரைப் புரட்டினாரு. கையெழுத்து இல்ல. கேன்டீன்ல அவன் பேசினதுக்கு எட்டுப் பேர் சாட்சி சொன்னாங்க. மூணாம் நாள் அவனை கார்டு ரூம்ல போட்டு அடைச்சாங்க. கொடியை எடுத்து எங்கயோ ஒளிச்சுட்டான்னு முடிவு. அதுக்கப்புறம் நான் எப்படி வாயைத் திறக்கறது? திறந்தா ஏன் மூணு நாள் திறக்கலன்னு கேப்பாங்களே. ஒரு வாரம் ஆனா ஏன் ஒரு வாரம்பாங்க. நாள் ஏற ஏற கேள்வியும் ஏறுது. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கறதுன்னு சும்மா சொல்லிடறாங்க. மறைச்சவனுக்குத்தான் தெரியும், அந்தச் சோத்தை ஒரு நாள் கூட நிம்மதியாத் திங்க முடியாது.

வேலை போயி, குவார்ட்டர்ஸைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. கடைசி நாள் யூனிஃபாரத்தைத் திருப்பிக் குடுக்க என் ஸ்டோருக்குத்தான் வந்தான். காக்கி ரெண்டு செட்டு, பெல்ட் ஒண்ணு, பூட்ஸ் ஒரு ஜோடி, மழைக்கோட்டு ஒண்ணு. எல்லாம் துவைச்சு மடிச்சுக் கொண்டாந்திருந்தான். நான் எண்ணி வாங்கினேன். அவன் ஸ்லிப்பை நீட்டி, "இதுக்காவது கையெழுத்துப் போடுங்க சார்"னான். போட்டேன். எழுத்து கோணலாப் போச்சு. வேற என்ன பண்ண முடியும் என்னால?

என்ன, பையை அந்தப் பக்கம் எடுத்து வெச்சுக்கறீங்க? இடம் இல்லையா. சரி, சரி.

கொடி போனாலும் கண்ணாடிப் பெட்டியை எடுக்கல. பசங்க காலிப் பெட்டிக்கு சல்யூட் வெச்சுக்கிட்டுப் போவாங்க. கொடி இருக்கற மோளத்தைத் தினம் காலையில கழியால அடிப்பாங்க. ஒன்பது வருஷம் இதை என் கண்ணால பாத்தேன். காலிப் பெட்டிக்கு மரியாதை, கொடிக்கு அடி. காலையில அந்தச் சத்தம் கேட்டா எனக்கு வெளிக்கு வந்துடும். டாக்டர்கிட்ட போனா குடல்ல புண்ணுன்னு மாத்திரை எழுதிக் குடுத்தாரு. வீட்டம்மா மோரும் கஞ்சியுமாக் குடுத்தா. அவகிட்டயும் சொன்னதில்ல. சொன்னா அவளும் பயப்படணுமே.

பாஸ்டின் போய்ச் சேர்ந்தப்புறம் மோளம் பழசாயிடுச்சுன்னு ஸ்டோருக்கே வந்துச்சு. கிணறு வெட்ட பூதம் கிளம்பின மாதிரி என் தலைக்கு மேல ராக்குல வந்து உக்காந்துக்கிச்சு. ஒரு ஞாயித்துக்கிழமை கதவைச் சாத்திட்டு கத்தி எடுத்தேன். தோல்ல கத்தி முனையை வெச்சேன். அறுத்து எடுத்து எங்க வெக்கறது? எரிச்சிடலாமா? மேலதிகாரி எரிக்கச் சொன்னப்பவே எரிக்காத கொடி. அப்ப வராண்டாவுல யாரோ பூட்ஸ் காலோட நடந்து போனாங்க. கத்தியைக் கீழ போட்டுட்டேன். அதோட சரி. வருஷா வருஷம் ஏலத்துக்குப் போற லிஸ்ட்ல அந்த மோளம் வராம "ரிப்பேருக்கு நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது"ன்னு எழுதிடுவேன். ஒரு வகையில பாத்தா நானும் அந்தக் கொடியைக் காப்பாத்தித்தானே வெச்சிருந்தேன்? இதை யாரும் பேப்பர்ல போடல பாருங்க.

ரிட்டயர் ஆகி ஆறு வருஷம். போன மாசம் ஸ்கூலுக்கு நூறாவது வருஷ விழா ஏற்பாடு. பழைய மோளத்தைப் புதுப்பிச்சு வெக்கலாம்னு இப்ப இருக்கற பேண்ட் மாஸ்டர் தோலை அறுத்திருக்காரு. உள்ள மூட்டை. பிரிச்சா பட்டு. ஒரு மூலை இல்ல. அந்த ஆள் அப்படியே விறைச்சு நின்னு சல்யூட் வெச்சிட்டாராம்.

முனிரத்தினத்தைத் தேடிப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தாங்க. இப்ப பிரின்சிபாலா இருக்கற கர்னல் நல்ல மனுஷன். டெல்லிக்குப் போகாம தடுக்கத்தான் இவன் மோளத்துக்குள்ள ஒளிச்சிருக்கான்னு அவரே ஒரு கதையைக் கட்டிக்கிட்டாரு. "நீங்கதானே வெச்சீங்க?"ன்னு கேட்டிருக்காரு.

இவன் "ஆமா சார், நான்தான் வெச்சேன்"னு சொல்லிட்டான்.

விஷயம் தெரிஞ்சதுலேர்ந்து எனக்கு ஒரே யோசனை. அவன் ஏன் அப்படிச் சொல்லணும்? உள்குத்து இல்லாம இருக்குமா? போன ஞாயித்துக்கிழமை என் வீட்டுக்கே வந்துட்டான். கதவைத் திறந்தா அவன் நிக்கறான். கொடி திருடினவன்னு பேர் வாங்கினவனைக் காவலுக்கு யாரு வெப்பாங்க? ஆம்பூர் பக்கம் தோல் பதனிடற ஷாப்புல சுண்ணாம்புத் தொட்டியில வேலை செஞ்சிருக்கான். விரல் நுனியெல்லாம் வெந்து வெள்ளையாக் கிடக்குது. தண்ணி குடுத்தேன், சொம்பைப் பிடிக்கக் கஷ்டப்பட்டான். எப்பவும் சார்னு கூப்பிடறவன், அன்னைக்கு மொத தடவையாப் பேர் சொல்லிக் கூப்பிட்டான்.

"சம்மந்தம், நெஜத்த சொல்லிக்கினு இருவத்திநாலு வருசம் பாத்துட்டேன். ஒருத்தன் நம்பல. என் பொண்டாட்டி சாவுற நேரத்துல கூட கேட்டா, அந்தக் கொடிய எங்கதான்யா வெச்சன்னு. போன மாசம் ஒரே ஒரு தபா பொய் சொன்னேன். கர்னலு எழுந்து நின்னு கை குடுத்தாரு."

உள்ள இருக்கற வீட்டம்மா காதுல விழுந்துடப் போகுதேன்னு சமையக்கட்டையே பாத்துக்கிட்டிருந்தேன்.

"என்ன வேலைய வுட்டு எடுத்த அந்தப் பழைய ஆர்டர ரத்து பண்ணணும்னா அந்த நாள்ல இருந்த ஒருத்தர் வந்து எல்லாரு முன்னாலயும் சொல்லணுமாம். பாஸ்டின் மாஸ்டரு இல்ல. நீ ஒருத்தன்தான் மீதி. நீ வரலன்னா ஆர்டரு அப்படியே கெடக்கும். பேப்பர்ல இன்னா போட்டாலும் கவருமெண்ட்டு கணக்குல நான் திருடன்தான். திருடனாவே போய்ச் சேருவேன்."

"என்ன சொல்லணும்?"னேன்.

"முனிரத்தினம் வெச்சான்னு சொன்னாலும் செரி. நீ வெச்சேன்னு சொன்னாலும் செரி. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். நீ வா. அது போதும்."

கேட்டீங்களா தம்பி? "நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்." எப்படி மிரட்டறான் பாருங்க. இந்த மாதிரி ஒருத்தன் சும்மா சொல்லுவானா? மேடையில மைக்கைக் கையில குடுத்ததும் மாட்டி விடத்தான். இல்லையா? நீங்க அப்படி நினைக்கலையா?

நெஜத்தைச் சொல்லிடுங்கன்னு சுலபமாச் சொல்லிட்டீங்க. யோசிச்சுப் பாருங்க. நான் நெஜத்தைச் சொன்னா, கர்னல்கிட்ட அவன் பொய் சொன்னவன்னு ஆயிடும். பேப்பர்ல படம் வந்த மனுஷனை நான் பொய்யன் ஆக்கலாமா? பாவம் இல்லையா? சரி, அவன்தான் வெச்சான், நான் பாத்தேன்னு சொன்னா அது பொய்ச் சாட்சி. இந்த வயசுல அந்தப் பாவம் வேற எதுக்கு? எப்படிப் பாத்தாலும் நான் அங்க போறது அவனுக்குத்தான் கெடுதல். அவன் நல்லதுக்குத்தான் நான் யோசிக்கறேன். பென்ஷன் போயிடும், போலீஸ் வரும், மாப்பிள்ளை வீட்டுல காறித் துப்புவாங்கங்கறதெல்லாம் அடுத்த விஷயம். ஏன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டீங்க? நான் சொல்றது நியாயமா இல்லையா?

வளைவு வந்துடுச்சே. அதுக்குள்ளயா? வாணியம்பாடி எப்ப தாண்டிச்சு? பேச்சுல கவனிக்கவே இல்லையே. அதோ கட்டடம் தெரியுது. கொடிக்கம்பத்துல பூ கட்டியிருக்காங்க. ஐயோ, கேட்டு வாசல்ல யாரு அது? அவன்தான். அதே வெள்ளைச் சட்டை. முன்னாடியே வந்து நிக்கறான். ஒவ்வொரு பஸ்ஸா எட்டி எட்டிப் பாக்கறான்.

கண்டக்டர் கூப்பிடறார். காதுல விழுது தம்பி. செருப்பு வாரு கழண்டுக்கிச்சு, குனிஞ்சு மாட்டிக்கறேன். கொஞ்சம் அந்தப் பேப்பரை விரிச்சுப் பிடிங்களேன், ஜன்னலை மறைச்சாப்புல. என் காலு வரமாட்டேங்குதுங்க. சத்தியமாச் சொல்றேன், எழுந்துக்கணும்னுதான் நினைக்கறேன், காலு வரல. திருப்பத்தூர் வரைக்கும் போயிட்டு அடுத்த பஸ்ல திரும்பி வந்துடறேன். பதினோரு மணிக்கு இன்னும் நேரம் இருக்கு. கண்டிப்பா வந்துடுவேன்.

கிளம்பிடுச்சா? கிளம்பிடுச்சு. நான் குனிஞ்சே இருக்கேன், நீங்க பாத்துச் சொல்லுங்க. இன்னும் நிக்கறானா? வெயில்லயா நிக்கறான்? நிழலுக்குப் போகக் கூடாதா, கிறுக்கன். நான் வரலன்னு அவனுக்கு யாரு இப்ப சொல்லுவாங்க?

தம்பி, எங்க எழுந்து போறீங்க? திருப்பத்தூர்னுதானே சொன்னீங்க? கண்டக்டர்கிட்ட என்ன பேசறீங்க? என்னை ஏன் கையைக் காட்டறீங்க? வேணாம் தம்பி. உங்களை நம்பித்தானே சொன்னேன். யாரு விசில் அடிச்சது? பஸ் ஏன் நிக்குது? பின்னாடி பாருங்க. ஐயோ, இந்த வயசுல, அவன் ஓடி வரானே.